குறட்டையும் கெண்டைக்கால் வலியும்: ஸ்லீப் அப்னியாவையும் கால் தமனி அடைப்பையும் சேர்த்துக் கவனிக்க நீலகிரி மக்களுக்கு ஒரு வழிகாட்டி

நீலகிரியில் சில தொல்லைகளுக்கு மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே வீட்டில் காரணம் கண்டுபிடித்துவிடுகிறோம். மேடேறும்போது கெண்டைக்கால் இறுகி வலித்தால் ஏற்றத்தின் மேல் பழியைப் போடுகிறோம். பாதம் சில்லிட்டுக் கிடந்தால் குளிரின் மேல் போடுகிறோம். இரவு முழுவதும் குறட்டை விட்டவர் காலையில் தலை கனத்து எழுந்தால், முந்தைய நாள் வேலையின் அசதி என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். பெரும்பாலும் இந்தக் காரணங்கள் சரியாகவே இருக்கும். ஆனால் சிலரிடம் குறட்டைக்குப் பின்னால் ஸ்லீப் அப்னியா எனப்படும் தூக்க மூச்சுத்தடையும், கால்வலிக்குப் பின்னால் கால் தமனி அடைப்பும் ஒளிந்திருக்கின்றன. ஒரே ஆளிடம் இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு. ஒன்று தொண்டையைப் பற்றியது, மற்றொன்று காலைப் பற்றியது என்பதால் இவற்றை வெவ்வேறு மருத்துவரிடம், வெவ்வேறு ஆண்டுகளில் சொல்கிறோம். இவற்றுள் ஒன்று இருப்பதாகத் தெரிந்தால், அப்போதே மற்றொன்றையும் தேடிப் பார்த்துவிட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்துவது.

இவற்றில் ஏதேனும் ஒன்று தமக்கு இருப்பதாக அண்மையில் அறிந்தவர்களையும், அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களையும் மனத்தில் வைத்து, உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளின் குளிருக்கும் ஏற்ற இறக்கத்துக்கும் பொருந்தும் வகையில் இதை எழுதியிருக்கிறேன்.

தூக்கத்துக்கும் காலுக்கும் என்ன உறவு

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அந்தத் தளர்ச்சியில் நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்கைச் சுற்றியுள்ள மென்மையான சதையும் சரிந்து, மெல்லிய ஸ்ட்ராவை வேகமாக உறிஞ்சினால் அதன் சுவர்கள் ஒட்டிக்கொள்வதைப்போல மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. மார்பும் வயிறும் மூச்சை இழுக்க முயன்றுகொண்டே இருக்கும். காற்று மட்டும் உள்ளே போகாது. இப்படிக் குறைந்தது 10 விநாடி மூச்சு நின்றால் அதை ஒரு தடை என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். முழுதாக நிற்காமல் காற்றோட்டம் வெகுவாகக் குறைந்து, அதனால் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கினாலோ தூக்கம் கலைந்தாலோ அதுவும் கணக்கில் சேரும். ஒரு மணி நேரத் தூக்கத்தில் இவை 5 முதல் 15 வரை வந்தால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரமானது, 30க்கு மேல் போனால் கடுமையானது.

ஒவ்வொரு தடையின் முடிவிலும் மூளை உடலை அரைகுறையாக எழுப்பிவிடுகிறது. அந்த நொடியில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று ஏறுகின்றன. தூங்குபவருக்கு இது நினைவிலேயே இருக்காது. இரவில் இயல்பாக இறங்க வேண்டிய ரத்த அழுத்தம் இறங்காமலே விடிகிறது. ஆக்சிஜன் இறங்குவதும் ஏறுவதுமாக ஆண்டுக்கணக்கில் நடக்கும்போது, தமனிகளின் உட்சுவரில் அழற்சி உண்டாகிறது; தேவைக்கேற்ப விரிந்து கொடுக்கும் தன்மையை அந்தச் சுவர் இழக்கிறது; இன்சுலின் சரிவர வேலை செய்யாமல் போகிறது; கொழுப்பு படிவதற்கு ஏற்ற நிலை உருவாகிறது. இதயத்திலும் மூளையிலும் இந்தப் படிவு என்ன செய்கிறது என்பது பலருக்கும் தெரியும். அதே படிவு தொடையிலும் கெண்டைக்காலிலும் ஓடும் தமனிகளைக் குறுக்கினால் அதுதான் கால் தமனி அடைப்பு.

இந்த உறவு எவ்வளவு உறுதியானது என்பதை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வழிவந்த மக்களிடையே நடத்தப்பட்டு 2015ஆம் ஆண்டு வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், மணிக்கு 15 அல்லது அதற்கு மேற்பட்ட தடைகள் உள்ளவர்களுக்குக் கால் தமனி அடைப்பு இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 1.7 மடங்காக இருந்தது. உடல் எடை, புகைப்பழக்கம், நீரிழிவு போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை. ஆயினும் இதை மட்டும் கொண்டு ஒன்றுதான் மற்றொன்றை உண்டாக்குகிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. வயது, புகையிலை, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு ஆகியவை இரண்டுக்கும் பொதுவான வேர்கள். தூக்க மூச்சுத்தடைக்குத் தரப்படும் சிபேப் கருவியை, அதாவது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுப்பாதை மூடாமல் வைக்கும் கருவியைப் பற்றி 2016இல் வெளியான சேவ் என்ற பெரிய ஆய்வில், ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களுக்கு அந்தக் கருவியால் புதிய மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. அவர்கள் அதை இரவில் சராசரியாக 3.3 மணி நேரம் மட்டுமே அணிந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். ஆகவே சிபேப் கருவி கால் அடைப்பைக் கரைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது தூக்கத்தைச் சீராக்கும், பகல் அசதியைப் போக்கும், ரத்த அழுத்தத்தை ஓரளவு இறக்கும். காலுக்குத் தனி மருத்துவம் வேண்டும்.

முதல் படி: இரவை ஆவணமாக்குங்கள்

குறட்டை விடுபவருக்குத் தம் குறட்டை தெரியாது. எனவே முதல் வேலை அருகில் படுப்பவருடையது. குறட்டை விடுபவரின் ஒப்புதலைப் பெற்று, அவர் ஆழ்ந்து தூங்கும் நேரத்தில், குறிப்பாக மல்லாந்து படுத்திருக்கையில், கைபேசியில் சில நிமிடங்கள் படம் பிடியுங்கள். கம்பளியைக் கழுத்துக்குக் கீழே இறக்கி, மார்பு தெரியும்படி எடுப்பது நல்லது. குறட்டை ஓங்கி, சட்டென்று அடங்கி, மார்பு மட்டும் ஏறி இறங்கி, பிறகு ஒரு திணறலோடு மூச்சு திரும்புவது அந்தப் படத்தில் பதிந்துவிட்டால், மருத்துவரிடம் பத்து நிமிடம் விளக்கிச் சொல்வதைவிட அது அதிகம் சொல்லும்.

கூடவே சிலவற்றைக் குறித்து வையுங்கள்: இரவில் எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுகிறார், காலையில் வாய் வறண்டு தலை வலிக்கிறதா, பகலில் பேருந்தில் ஏறி அமர்ந்ததும் தூங்கிவிடுகிறாரா. இரவில் அடிக்கடி எழுவதைச் சர்க்கரையின் கணக்கிலும் குளிரின் கணக்கிலும் எழுதிவிடுவது இங்கே வழக்கம்; மூச்சுத்தடையும் அதை உண்டாக்கும். பெண்களிடம் குறட்டை பெரிதாக இல்லாமல் தூக்கமின்மை, ஓயாத களைப்பு, காலைத் தலைவலி என்று இது வெளிப்படுவதுண்டு. பகல் முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு வரும் ஒரு பெண் களைப்பாக இருக்கிறது என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

மருத்துவர்கள் பயன்படுத்தும் ஸ்டாப்-பேங் என்னும் கேள்விப் பட்டியலை வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். பலத்த குறட்டை, பகல் அசதி, மூச்சு நிற்பதைப் பிறர் கண்டிருத்தல், ரத்தக்கொதிப்பு, உடல் நிறை குறியீட்டெண் (பி.எம்.ஐ.) 35க்கு மேல், வயது 50க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல், ஆணாக இருத்தல் என்ற எட்டுக்கும் தலா ஒரு புள்ளி. 3 அல்லது 4 வந்தால் சந்தேகப்பட வேண்டும். 5 அல்லது அதற்கு மேல் வந்தால் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. நம் மக்களில் பலருக்கு அவ்வளவு எடை இல்லாமலே, தாடை அமைப்பினாலும் வயிற்றுக் கொழுப்பினாலும் இந்த நோய் வருகிறது. அதனால் ஒல்லியாக இருக்கிறார் என்பதை மட்டும் வைத்து யாரையும் விலக்கிவிடாதீர்கள்.

இரண்டாம் படி: மேட்டில் வரும் வலியைப் பிரித்தறியுங்கள்

மலையில் வாழ்பவருக்கு ஒரு வசதி உண்டு. சமவெளியில் மருத்துவர் நடை இயந்திரத்தைச் சாய்த்து வைத்துச் செய்யும் சோதனையை, இங்கே வீட்டுக்குப் போகும் பாதையே நாள்தோறும் செய்துவிடுகிறது. அது தரும் விடையைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

தமனி அடைப்பினால் வரும் வலி தசையில் வரும், மூட்டில் வராது. பெரும்பாலும் கெண்டைக்காலில், சிலருக்குத் தொடையில் அல்லது பிட்டத்தில் வரும். நடக்கத் தொடங்கும்போது இருக்காது. குறிப்பிட்ட தூரம் போனதும் தசை இறுகிப் பிடித்ததுபோல் தொடங்கும். நின்றால் சில நிமிடங்களில் அடங்கும். மீண்டும் நடந்தால் ஏறத்தாழ அதே தூரத்தில் மறுபடி வரும். ஏற்றத்தில் தசைக்கு அதிக ரத்தம் தேவைப்படுவதால் சீக்கிரமாக வரும். இறக்கத்தில் தாமதமாக வரும், அல்லது வராமலே போகும். குன்னூர் பேருந்து நிலையத்திலிருந்து மேல்குன்னூருக்கு ஏறும் ஒருவர் வழியில் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே இடத்தில் நின்று, யாருக்காகவோ காத்திருப்பதுபோலத் திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு ஏறுகிறார் என்றால், அவருடைய காலைப் பரிசோதிக்க அந்த ஒரு காட்சி போதுமான காரணம்.

மூட்டுத் தேய்மான வலி இதற்கு மாறானது. இறக்கத்தில் முழங்கால் அதிகம் வலிக்கும். உட்கார்ந்து எழும்போதே முதல் சில அடிகளில் பிடித்துக்கொள்ளும். முதுகுத் தண்டுவடக் குழாய் குறுகியதால் வரும் கால்வலி நடக்கும்போது வருவதால் தமனி வலியைப்போலவே ஏமாற்றும். ஆனால் நின்றால் மட்டும் அது அடங்காது, உட்கார வேண்டும் அல்லது முன்னால் குனிய வேண்டும். ஏற்றத்தில் உடல் இயல்பாக முன்சாய்வதால் அவர்களுக்கு மேடேறுவதைவிட இறங்குவதுதான் கடினம். "ஏறும்போது வலிக்கிறதா, இறங்கும்போதா? நின்றால் போதுமா, உட்கார வேண்டுமா?" என்னும் இரு கேள்விகளுக்கு விடை சொல்லத் தெரிந்த நோயாளி, மருத்துவரின் வேலையில் பாதியை முடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறார்.

கால் தமனி அடைப்பு உள்ளவர்களில் கணிசமானோருக்கு இந்த வலியே இருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். முட்டிவலியால் அதிகம் நடக்காதவருக்கும், நீரிழிவினால் பாதம் மரத்துப்போனவருக்கும் வலி தோன்ற வாய்ப்பே அமைவதில்லை. ஆகவே நீரிழிவு, புகைப்பழக்கம், சிறுநீரக நோய் ஆகியவற்றுள் ஒன்றும் கூடவே மூச்சுத்தடையும் இருந்தால், வலி இல்லாவிட்டாலும் அடுத்த படிக்குப் போக வேண்டும். 45 வயதுக்கு உட்பட்டவர் பீடியோ சிகரெட்டோ புகைப்பவராக இருந்து, கால் விரலில் ஆறாத புண்ணோ இரவு வலியோ வந்தால், அது பர்கர் நோய் என்னும் வேறு வகை ரத்தநாள நோயாக இருக்கலாம். அதற்கு முதல் மருந்து புகையிலையை அறவே நிறுத்துவது.

மூன்றாம் படி: பாதத்தைப் பாருங்கள், தொடுங்கள்

குளிரிலிருந்து வந்த உடனே பார்க்காதீர்கள். உதகையில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலைகளில் எல்லாருடைய பாதமும் சில்லென்றுதான் இருக்கும். அறைக்குள் வந்து, கம்பளிக்குள் கால்களை வைத்து, கால்மணி நேரம் கழிந்த பின் இரு பாதங்களையும் ஒரே நேரத்தில் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் குளிர்ந்து பின் இதமானால் பெரும்பாலும் கவலை இல்லை. ஒரு பாதம் மட்டும் குளிர்ந்தே கிடந்தால், ஒரு காலில் மட்டும் முடி உதிர்ந்து தோல் மினுமினுத்தால், ஒரு காலின் நகம் மட்டும் தடித்து மெதுவாக வளர்ந்தால், அதைக் குளிரின் தலையில் கட்ட முடியாது.

பிறகு நாடி. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் ஆகிய மூன்றின் நுனிகளைப் பாதத்தின் மேற்புறத்தில், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலிருந்து கணுக்காலை நோக்கிப் போகும் கோட்டின் நடுவில், லேசாக வையுங்கள். பெருவிரலை மேல்நோக்கி நிமிர்த்தச் சொன்னால் ஒரு தசைநார் கயிறுபோல் எழும். அதன் வெளிப்புறத்தை ஒட்டித்தான் தேட வேண்டும். அழுத்தினால் நாடி மறைந்துவிடும். வைத்த விரலை அசைக்காமல் அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். உங்கள் கட்டை விரலால் பார்க்காதீர்கள், அதில் உங்கள் நாடியே துடிக்கும். நல்ல உடல்நலம் உள்ள சிலருக்கும் இந்த இடத்தில் நாடி கிடைக்காது என்பதால், உட்புறக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளத்திலும் தேடுங்கள். ஒரு காலில் இரண்டு இடத்திலும் கிடைக்காமல் மறு காலில் கிடைத்தால், அதை எழுதி வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

படுத்த நிலையில் காலை ஒரு நிமிடம் உயர்த்திப் பிடித்தால் பாதம் வெளிறி, பிறகு கட்டிலிலிருந்து தொங்கவிட்டால் மெல்ல மெல்ல அடர்ந்த செந்நிறமாக மாறுகிறதா என்றும் பார்க்கலாம். அப்படி மாறினால் அடைப்பு முற்றியிருக்கக்கூடும்.

நான்காம் படி: இரண்டு சோதனைகளையும் ஒரே சீட்டில் கேளுங்கள்

ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, உங்கள் எஸ்டேட் மருத்துவரிடமோ போகும்போது, படத்தையும் குறிப்பையும் எடுத்துப்போய் இரண்டு தொல்லைகளையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். 2021 முதல் நடந்துவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர் ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வருகிறார் என்றால், அவரிடமும் சொல்லலாம். மூன்று வகை மாத்திரை எடுத்தும் ரத்தக்கொதிப்பு அடங்காதவர்களிடம் தூக்க மூச்சுத்தடை அடிக்கடி காணப்படுகிறது. அந்த ஒரு செய்தியே மருத்துவரைத் தூக்கச் சோதனைக்கு எழுதச் செய்யலாம்.

காலுக்கான முதல் சோதனை மிக எளியது. பத்து நிமிடம் மல்லாந்து படுக்க வைத்து, இரு கைகளிலும் இரு கணுக்கால்களிலும் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி, கையடக்க டாப்ளர் கருவியால் நாடியின் ஒலியைக் கேட்டபடி அழுத்தத்தை அளக்கிறார்கள். கணுக்கால் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தால் வருவதே ஏ.பி.ஐ. என்னும் எண். கையில் 150, கணுக்காலில் 105 என்றால் 0.70. 1.00 முதல் 1.40 வரை இயல்பு, 0.91 முதல் 0.99 வரை எல்லைக்கோடு, 0.90 அல்லது அதற்குக் கீழே அடைப்பு. வலி இல்லாமல், ஊசி இல்லாமல் முடிந்துவிடும் இந்தச் சோதனையை நம் ஊரில் கேட்டு வாங்குபவர்கள் மிகக் குறைவு என்பது எனக்குப் பெரிய வருத்தம். நீண்ட நாள் நீரிழிவு உள்ளவர்களுக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து பட்டையால் அழுத்தப்படாமல் போவதால், எண் 1.40க்கு மேலோ, போலியாக இயல்பு போலவோ வரலாம். அவர்களுக்குக் கால் பெருவிரலில் அழுத்தம் அளக்க வேண்டும். இரு கைகளின் அழுத்தத்துக்கு இடையே 15 புள்ளிக்கு மேல் வேறுபாடு தொடர்ந்து இருந்தால் அதுவும் தமனி நோய்க்கு ஓர் அடையாளம்.

தூக்கச் சோதனையில் மலைக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. உதகை கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோவை ஏறத்தாழ 411 மீட்டர். உதகைக் காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் அழுத்தம், கடல் மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம். அதனால் ஒவ்வொரு மூச்சுத்தடையின்போதும் ரத்தத்தின் ஆக்சிஜன் இங்கே இன்னும் கீழே இறங்க முடியும். உயரத்தில், குறிப்பாகச் சமவெளியிலிருந்து புதிதாக வந்து தங்குபவர்களுக்கு, தொண்டை மூடாமலே மூளை மூச்சிழுக்கும் கட்டளையை விட்டுவிட்டுத் தரும் வேறு வகைத் தடையும் சேரலாம். சுவிட்சர்லாந்து மலைகளில் நடந்த ஆய்வுகள் இதைக் காட்டியுள்ளன. ஆகவே, கீழே போய் ஓர் இரவு தூங்கி எடுக்கும் அறிக்கை, மேலே உங்கள் படுக்கையில் நடப்பதை முழுதாகச் சொல்லாமல் போகலாம். மூக்கில் சிறு குழாயும், மார்பில் பட்டையும், விரலில் கிளிப்பும் மாட்டி வீட்டிலேயே எடுக்கும் சோதனை கிடைத்தால் அதையே முதலில் கேளுங்கள். ஆய்வகத்தில்தான் எடுக்க வேண்டும் என்றால், எந்த உயரத்தில் வசிக்கிறீர்கள் என்பதைத் தவறாமல் சொல்லுங்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரை வைத்துப் பகலில் 95 காட்டுகிறது என்று நிம்மதி அடைய வேண்டாம்; இந்த நோயில் பகல் அளவு இயல்பாகவே இருக்கும். குளிர்ந்த விரலில் அது தவறாகக் குறைத்தும் காட்டும்.

ஐந்தாம் படி: இரண்டு சிகிச்சைகளும் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

புகையிலை இரண்டுக்கும் எதிரி என்பதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. குளிருக்கு ஒரு பீடி என்று தொடங்குபவர், தம் கால் தமனியை அந்த நிமிடமே சுருக்கிக்கொள்கிறார். குளிருக்கு என்று இரவில் குடிக்கும் மதுவும் தொண்டைத் தசையை மேலும் தளர்த்தி மூச்சுத்தடையை நீட்டுகிறது. மருத்துவரைக் கேளாமல் எடுக்கும் தூக்க மாத்திரையும் அப்படியே. எடை கூடியவர்கள் பத்தில் ஒரு பங்கு எடையைக் குறைத்தால் மூச்சுத்தடைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ கால் பங்கு குறையும் என்பது, 2000ஆம் ஆண்டில் வெளியான விஸ்கான்சின் ஆய்வின் கணிப்பு.

நடைப்பயிற்சி கால் அடைப்புக்கு உண்மையான மருந்து. வலி நடுத்தர அளவுக்கு வரும்வரை நடந்து, நின்று, வலி அடங்கியதும் மீண்டும் நடந்து, இப்படி 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று நாளாவது, குறைந்தது 12 வாரம் செய்தால் வலியில்லாமல் நடக்கும் தூரம் கூடுகிறது. வலி வந்ததும் நடையையே விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. தொடக்கத்தில் ஏற்றத்தில் பயிலாதீர்கள். லைன் வீடுகளுக்கு முன்னுள்ள சமதளமோ பள்ளி மைதானமோ போதும். இதயத்தைப் பரிசோதித்த பிறகே தொடங்க வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையும், ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் அல்லது குளோபிடோகிரல் மாத்திரையும் மருத்துவர் தந்தால், நடை எளிதானதும் அவற்றை நிறுத்திவிடாதீர்கள்.

சிபேப் கருவி வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது, அதன் கையேட்டில் எழுதியிருக்கும் உயர வரம்பு. பல புதிய கருவிகள் உயரத்துக்கேற்பத் தாமாகவே அழுத்தத்தைச் சரிசெய்துகொள்ளும். பழைய கருவிகளில் அதைக் கையால் மாற்ற வேண்டும். குளிர் இரவில் ஈரப்பதக் கிண்ணத்திலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்று குழாய்க்குள் குளிர்ந்து நீராகி, முகமூடிக்குள் சொட்டும். குழாயைக் கம்பளிக்குள் விட்டுக்கொள்வதும், கருவியைத் தலைமட்டத்துக்குக் கீழே வைப்பதும், சூடேறும் குழாயை வாங்குவதும் இதற்கு வழி. மழைக்காலத்தில் மின்சாரம் போகும் ஊர்களில் இன்வெர்ட்டர் இணைப்பு தேவை. முதல் வாரம் மாலையில் தொலைக்காட்சி பார்க்கும்போது முகமூடியை அணிந்து பழகினால், இரவில் பிடுங்கி எறிய மாட்டீர்கள்.

மோதல் வரும் இடங்கள் இரண்டு. நாள் முழுவதும் நின்று வேலை செய்பவரின் காலில் சேரும் நீர், இரவில் படுத்ததும் கழுத்துப் பக்கம் நகர்ந்து மூச்சுத்தடையைக் கூட்டுகிறது. அதற்காகச் சிலருக்கு இறுக்கமான காலுறை பரிந்துரைக்கப்படுகிறது. கால் தமனியில் கடும் அடைப்பு உள்ளவருக்கு அதே காலுறை ஆபத்து. ஏ.பி.ஐ. பார்க்காமல் கடையில் வாங்கி மாட்டாதீர்கள். இரண்டாவது, கால்வலிக்குத் தலையணை அடுக்கிக் காலை உயர்த்திப் படுக்கும் வழக்கம். அடைப்பு உள்ள காலுக்கு அது ரத்தத்தை மேலும் குறைக்கும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்துக் கட்டிலையே சற்றுச் சாய்த்தால் மூச்சுக்கும் நல்லது, காலுக்கும் நல்லது.

பாதத்தைக் காப்பது தனி வேலை. மரத்துப்போன பாதத்தைக் கணப்பின் அருகே நீட்டுவதும், வெந்நீர்ப் பையை அணைத்து வைப்பதும் தீப்புண்ணில் முடியும். கம்பளிக் காலுறை போதும். ரப்பர் பூட்ஸ் அணிந்து வேலை செய்பவர்கள் மாலையில் கழற்றியதும் விரலிடுக்குகளை உலர்த்தி, அட்டை கடித்த இடத்தையும் கீறலையும் விளக்கொளியில் பார்க்க வேண்டும். மூடிய அறையில் கரியடுப்பு மூட்டித் தூங்குவது யாருக்குமே உயிராபத்து.

வாகனம் ஓட்டுபவர்களிடம் இதைத் தனியே கேட்டுக்கொள்கிறேன். சிகிச்சை பெறாத மூச்சுத்தடையோடு கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டாதீர்கள். பகலில் தூக்கம் சொக்குகிறது என்றால், சிகிச்சை தொடங்கி அது அடங்கும்வரை மேட்டுப்பாளையம் சாலையிலும் கல்லட்டிச் சாலையிலும் வேறொருவர் ஓட்டட்டும்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

ஒரு கால் திடீரென்று வலித்து, வெளிறி, சில்லிட்டு, மரத்து, விரல்களை அசைக்க முடியாமல் போனால், அது தமனி முழுதாக அடைபட்டதன் அடையாளம். காலைக் காப்பாற்ற ஏறக்குறைய ஆறு மணி நேரமே அவகாசம். மலையிலிருந்து கீழே இறங்கவே அதில் பெரும் பங்கு போய்விடும். உடனே 108ஐ அழையுங்கள். தைலம் தேய்க்க வேண்டாம், ஒத்தடம் கொடுக்க வேண்டாம், காலை உயர்த்த வேண்டாம். படுத்தால் பாதம் வலித்து, தொங்கவிட்டால் குறைவதும், இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணும், கறுக்கும் விரலும் அதே நாளில் இல்லாவிட்டாலும் அந்த வாரத்திலேயே ரத்தநாள அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலைகள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கத் தொடங்கிய முதியவரை வீட்டில் யாரும் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். மூச்சுக்காகவா, பாதத்துக்காகவா என்று கேளுங்கள்.

அடைப்பை நீக்க ஆஞ்சியோபிளாஸ்டியோ பைபாஸ் அறுவையோ செய்யக் கோவைக்குப் போகும்போது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்துப்போய், அந்தச் சிகிச்சை அதில் சேருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேளுங்கள். தூக்கச் சோதனை அறிக்கையும் சிபேப் கருவியும் பையில் இருக்கட்டும். மயக்க மருந்தும் வலிக்கான ஓபியாய்டு ஊசியும் மூச்சுத்தடையை ஆழப்படுத்துபவை என்பதால், மயக்க மருத்துவர் பார்க்க வரும்போது, அவர் கேட்காவிட்டாலும், "எனக்கு ஸ்லீப் அப்னியா இருக்கிறது, இத்தனை அழுத்தத்தில் கருவி போடுகிறேன்" என்று சொல்லி, அறுவை முடிந்த முதல் இரவிலேயே அதை அணிவிக்கச் சொல்லிக் கேளுங்கள். சோதனை இன்னும் செய்திராவிட்டால், அந்தக் கைபேசிப் படத்தைக் காட்டுங்கள்.